கவெண்டர் என்றொரு பேர்

12.7.99, திங்கள்

காலையிலிருந்தே காற்று. ஜன்னலைத் திறந்தால் தாளெல்லாம் பறக்கிறது, மூடினால் பிள்ளைகளுக்கு வேர்க்கிறது. ஆகஸ்ட் டைப்ரைட்டிங் பரீட்சைக்கு லோயர் ஒன்பது பேர், ஹையர் ஐந்து பேர். மூன்றாம் மெஷினில் ஸ்பேஸ் பார் ஒட்டுகிறது. ரிப்பன் வாங்க வேண்டும். கால் வெடிப்புக்குக் களிம்பு.

பதினொரு மணிக்கு எதிர்த்த லாட்ஜ் மேனேஜர் மாடி ஏறி வந்தார். “டீச்சர், செத்த நேரம் வந்துட்டுப் போங்க. ஒரு அம்மா தென்னாப்பிரிக்காலருந்து வந்துருக்கு. ஆளைப் பாத்தா நம்ம ஊரு, பேசுறது அம்புட்டும் இங்கிலீசு.”

போனேன். அறுபது வயதிருக்கும். பருத்திப் பாவாடை, வெள்ளை ரப்பர் ஷூ, நெற்றியில் விபூதி. கை கொடுத்தாள். பேர் சாலாச்சி. விசாலாட்சி தேய்ந்து சாலாச்சி. இந்தப் பக்கத்தில் இப்போது யாரும் வைப்பதில்லை. டர்பனில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தெரிந்த தமிழ்: தண்ணி, அம்மா, சாமி, ஐயோ.

முழுப்பேர் சாலாச்சி கவெண்டர். முதலில் வெள்ளைக்காரப் பேர் என்று நினைத்தேன். சிரித்தாள். “எங்கள் பிள்ளைகள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது கவுண்டர். கரும்புத் தோட்டத்துக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினான்.” கூடவே பட்டியல் போட்டாள்: பிள்ளை அங்கே பிள்ளே, நாயுடு நாய்டூ, முதலி மூட்லி. டர்பன் டெலிபோன் புத்தகத்தில் கவெண்டர் மட்டும் பக்கம் பக்கமாக வருமாம்.

கொள்ளுத்தாத்தா விட்டுப் போன ஊரைப் பார்க்க வந்திருக்கிறாள். மொழிபெயர்க்க ஒரு ஆள் வேண்டும். சரி என்றேன். ஏன் உடனே சரி என்றேன் தெரியவில்லை.

13.7.99, செவ்வாய்

காற்று குறையவில்லை. கத்தரிக்காய் கூட்டு, மோர்.

மாலை பேட்ச் முடிந்து திண்டுக்கல் டெலிபோன் டைரக்டரியைப் புரட்டினேன். கவெண்டர் இல்லவே இல்லை. கவுண்டர் என்று பின்னால் போட்டவர்களும் விரல் விட்டு எண்ணும்படிதான். அதிலும் பாதி மர டிப்போ, அரிசி மண்டி. ஊரெல்லாம் இருக்கிறார்கள், புத்தகத்தில் இல்லை. நாம் பட்டத்தைப் பேரிலிருந்து எடுத்துவிட்டு மனதில் வைத்துக்கொண்டோம். அவர்கள் கடல் தாண்டிப் பேரில் வைத்துக்கொண்டார்கள். இதைச் சா.விடம் (சாலாச்சியை இனி இப்படியே எழுதுகிறேன்) சொன்னேன். நோட்டில் குறித்துக்கொண்டாள். வாத்தியார் புத்தி.

பிறகு பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தாள். கொள்ளுத்தாத்தா ஏறிய கப்பலின் பதிவேட்டு நகல். ஒரே ஒரு வரி. மேலே தலைப்புகள் நகலில் விழவில்லை. வரிசையாக: எண், கருப்பன், தகப்பன் சடையன், வயது 22, ஆண், பிறகு ஒரு சொல், உயரம், மதுரா (மதுரை ஜில்லாதான்), திண்டுக்கல், புளியங்கரைப்பட்டி, இடது முழங்காலில் தழும்பு.

“இந்தச் சொல் மட்டும் புரியவில்லை. டாக்டர் ஏதாவது எழுதியிருப்பாரா?” என்றாள்.

புரிந்தது. அது சாதிக் கட்டம். அதில் கவுண்டர் என்று இல்லை. இருந்த சொல்லை இங்கேகூட எழுத மாட்டேன். என் அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் இருந்த அதே சொல். தாத்தா ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் எங்களை விட்டுப் போகாத சொல்.

“எழுத்து தெளிவா இல்ல” என்றேன். பொய். அச்சடித்தது போல இருந்தது.

14.7.99, புதன்

லாட்ஜ் மேனேஜருக்கு ஒரே உற்சாகம். எரியோட்டுப் பக்கம் அவருக்குத் தெரிந்தவர்கள் அதிகம். புளியங்கரைப்பட்டிப் பெரிய வீட்டுக் கவுண்டரைப் போனில் பிடித்துவிட்டார். அவர்கள் வீட்டிலும் ஒரு கதை இருக்கிறதாம்: பங்காளித் தகராறில் கோபித்துக்கொண்டு ஒருவர் கப்பலேறினார், திரும்பவில்லை. “நம்ம வீட்டுப் பொண்ணுங்க, கூட்டியாங்க. கெடா வெட்டுறோம்”ன்னாராம்.

சா.விடம் சொன்னேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. “எனக்காகக் காத்திருந்தார்களா?”

வீட்டுக்கு வந்து சேவியரிடம் சொன்னேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், என் முகம் சரியில்லை என்றால் அவருக்குத் தெரியும். தட்டில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா சந்தோசமா வந்துருக்கு, சந்தோசமாப் போகட்டும். ஒனக்கென்ன?”

“காகிதத்துல இருக்கே.”

“காகிதத்த யாரு பாத்தா? நீதான பாத்த. வாயத் தொறக்காத. தொறந்தா, ஒனக்கு எப்புடி அந்தச் சொல்லு தெரியும்னு கேப்பாக. பில்டிங்காரரு காது வரைக்கும் போகும்.”

அது உண்மை. இன்ஸ்டிடியூட்டுக்கு இடம் வாடகைக்குக் கேட்டபோது பில்டிங்காரர், “நீங்க என்ன ஆளுக?” என்றார். கிறிஸ்டியன் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பதினோரு வருஷம் அந்தச் சொல்லாத இடத்தில்தான் மெஷின்கள் ஓடுகின்றன.

கருப்பனும் அதைத்தானே செய்தார். என்னைவிடப் பெரிதாகச் செய்தார். நான் ஒரு சொல்லை விட்டேன், அவர் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்.

15.7.99, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ரிப்பன் வந்தது. களிம்பு மறந்துவிட்டது.

16.7.99, வெள்ளி

வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன், மறக்கும் முன்.

ஒன்பது மணிக்கு அம்பாசடரில் கிளம்பினோம். சா., மேனேஜர், டிரைவர், நான். எரியோடு தாண்டி மண் ரோடு. முருங்கைத் தோப்பு, கிணற்று மேடு. சா. சிவப்பில் மஞ்சள் கரை போட்ட சுங்குடிச் சேலை கட்டியிருந்தாள். நேற்று அவளே போய் வாங்கினாளாம். கொசுவம் நான்தான் வைத்துவிட்டேன்.

பெரிய வீட்டில் வாசலிலேயே ஆரத்தி. கவுண்டருக்கு எழுபது இருக்கும். தோளில் துண்டு, கணீரென்ற குரல். “வாங்க வாங்க, இது உங்க வீடுங்க” என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. அதை எழுதி வைக்க வேண்டும். உண்மையிலேயே மகிழ்ந்திருந்தார். மேஜையில் தாம்பாளம், அதில் அரக்குப் பட்டுச்சேலை, வெற்றிலை பாக்கு, குங்குமம்.

பேருக்கு விளக்கமும் சொன்னார். “காமிண்டன்னா ஊரக் காக்குறவன். அதுதானுங்க கவுண்டன். இதே பட்டம் கன்னடம் பேசுறவங்களும் போடுவாங்க. ஆனா எல்லாரும் ஒண்ணில்லீங்க.” மொழிபெயர்த்தேன். சா. நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள்.

நடுவில் என் பக்கம் திரும்பினார். “டீச்சரு நம்ம ஆளுகளா?”

“கிறிஸ்டியனுங்க.”

“அது சரிங்க. அதுல எதுங்க?”

அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். தப்பித்தேன். 

சாப்பிட்டு முடிந்ததும் சா. காகிதத்தை எடுத்தாள். கருப்பன், சடையன் என்று பேரைக் காட்டி, உங்கள் வம்சத்தில் இவர்கள் எந்த இடத்தில் என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். கவுண்டர் நெற்றியைத் தடவினார். பிறகு சிரித்தார்.

“சடையனுங்களா? எங்க வகையறாவுல அப்புடிப் பேரே இல்லீங்களே. அதெல்லாம் காலனிப் பக்கத்துப் பேரு. கப்பல்காரன் மாத்தி எழுதியிருப்பான், விடுங்க.”

சா. என் முகத்தைப் பார்த்தாள். என்ன சொன்னார்?

இந்த ஒன்றை விழுங்கியிருக்கலாம். சேவியர் முகம் வந்து போனது. ஆனால் அவள் நோட்டைத் திறந்து பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்வதை அப்படியே எழுத. சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல்.

“காலனிப் பக்கம் என்றால்?”

கை கழுவப் போகலாம் என்று கூட்டிப் போனேன். கொல்லையில் தண்ணீர்த் தொட்டி. அங்கே நின்று சொன்னேன். அந்தக் கட்டம் என்ன கட்டம், அந்தச் சொல் என்ன சொல். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்றால் என்ன.

குழாயை மூடினாள். “செவ்வாய்க்கிழமையே தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் மறைத்தீர்கள்?”

“உங்களுக்கு வலிக்கும்னு.”

“எனக்கா, உங்களுக்கா?”

 சா. ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னது இது: “எங்கள் ஊரில் பெஞ்சிலேயே எழுதி வைத்திருந்தார்கள், யார் உட்காரலாம் என்று. கடற்கரையில் எழுதி வைத்திருந்தார்கள். அதைப் படித்துப் படித்து வளர்ந்தவள் நான். என்னிடம் நீங்கள் பயப்பட வேண்டாம்.”

உள்ளே போய்க் கவுண்டரிடம் கைகூப்பி, காலனிக்குப் போக வேண்டும் என்றாள். சொன்னேன்.

“அங்கீங்களா? அங்க எதுக்குங்க?” பிறகு வெளியே பார்த்தபடி, “வெயிலு தாழட்டுமே.”

தாழும்வரை இருக்கவில்லை. டிரைவர் முக்கால் வழியில் வண்டியை நிறுத்திவிட்டான். மேனேஜர் இறங்கவில்லை. நாங்கள் இருவரும் நடந்தோம்.

காலனியில் தொகுப்பு வீடுகள், ஒரு வேம்பு, தண்ணீர் வராத அடிபம்பு. ஸ்பின்னிங் மில்லில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த ஒருவர் வந்தார். பேர் முருகேசன், ஐம்பது இருக்கும். காகிதத்தைப் படித்துக் காட்டினேன்.

“இங்க வீட்டுக்கு ஒரு சடையன் இருந்தாகம்மா. எந்தச் சடையன்னு கேட்டா என்னத்தச் சொல்ல? எங்க பாட்டனுக்கு அண்ணன் ஒருத்தரு கங்காணி பின்னால போனாருன்னு பேச்சு. இலங்கைக்கா, அதுக்கு அங்கிட்டா, தெரியாது. பேரும் தெரியாது. திரும்பி வரலைங்கறது மட்டுந்தான் தெரியும்.”

அவ்வளவுதான். கதைகளில் வருவது போல மச்சம், தழும்பு, பழைய படம் ஒன்றும் இல்லை. சா. தலையாட்டினாள்.

முருகேசன் மனைவி எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தாள். “அம்மா பேரென்ன?”

சா.வுக்கு அது புரிந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்து, எங்கும் சொல்வது போலவே சொன்னாள். “சாலாச்சி கவெண்டர்.”

“பின்னால என்னமோ சொல்றாகளே?”

“கவுண்டர். அங்க அப்புடிச் சொல்றாங்க” என்றேன்.

வேம்படியில் கூடியிருந்தவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். முருகேசன் தரையைப் பார்த்தார். அந்தப் பெண்தான் முதலில் சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“அந்தப் பேரச் சொல்லிக்கிட்டு எங்க வீட்டுல தண்ணி குடிச்ச மொத ஆளு நீங்கதான் தாயி.”

மொழிபெயர்த்தேன். சா. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே மூச்சில் குடித்து, நீட்டி, “தண்ணி” என்றாள். இன்னொன்று. எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரித்தாளா அழுதாளா, எழுதத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் பெரிய வீட்டில் விடைபெற நிறுத்தினோம். கவுண்டர் நிலைப்படி வரை வந்து “பாத்துப் போங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. மேஜையில் தாம்பாளம் இல்லை, சேலையும் இல்லை.

காரில் மேனேஜர் முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டார். வடமதுரை தாண்டும்போது சா. என் கையைத் தொட்டு ஆங்கிலத்தில் கேட்டாள், “நீங்கள் எந்தப் பக்கம்?” ஆங்கிலத்திலேயே சொன்னேன். அந்த மொழியில் சுலபமாக இருந்தது. டிரைவருக்கும் மேனேஜருக்கும் புரிந்திருக்கும், அந்தச் சொல் எந்த மொழியிலும் ஒன்றுதான்.

17.7.99, சனி

ஆடி பிறந்தது. தலைவலி. நேற்று நடந்ததைச் சேவியரிடம் சொல்லிவிட்டேன். “சரி விடு, வாரது வரட்டும்” என்றார். கடைக்குப் போய்க் களிம்பு வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார்.

18.7.99, ஞாயிறு

மாதா கோயில் முடிந்து நேரே லாட்ஜ். சா. மதுரை கிளம்புகிறாள். பெட்டி கட்டியாகிவிட்டது.

பேரை என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டேன்.

“மாற்ற முடியாது. அப்பா கல்லறையில் இருக்கிறது, என் பென்ஷன் தாளில் இருக்கிறது. யோசித்துப் பார்த்தேன். என் தாத்தா பிறந்தபோது குமாஸ்தா கேட்டிருப்பான், குடும்பப் பேர் என்ன என்று. கருப்பனுக்குக் குடும்பப் பேர் ஏது? ஊரில் கை கட்டி நின்று யாரை எப்படிக் கூப்பிட்டாரோ, அந்தச் சொல்லைத் தன் பிள்ளைக்கே வைத்துவிட்டார். திருட்டு என்று என் தம்பி சொல்வான். எனக்கு அப்படித் தோன்றவில்லை.”

கொஞ்சம் கழித்து, “எங்கள் டெலிபோன் புத்தகத்தில் இன்னும் எத்தனை கருப்பன் பிள்ளைகள் இருப்பார்கள்?”

எல்லோரும் இருக்க முடியாது. சிலர் இருக்கலாம். எவர் என்று பேரை வைத்துச் சொல்ல முடியாது. கடலைத் தாண்டிய பிறகு அந்தப் பேர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அது ஒன்றுதான் அங்கே அதன் பெருமை என்று எனக்குத் தோன்றியது.

ஏறும்போது என்னைக் கட்டிக்கொண்டாள். ஷூ காலால் என் வெடிப்புக் காலை மிதித்துவிட்டாள். ஐயோ என்றோம், இருவரும் தமிழில்.

3.8.99, செவ்வாய்

இன்ஸ்டிடியூட் போனுக்கு டர்பனிலிருந்து அழைப்பு. இரைச்சல். தம்பியிடம் சொன்னாளாம், அவன் பாதியிலேயே போனை வைத்துவிட்டான். தங்கை மகள் மட்டும் அந்தக் காகிதத்தின் நகல் கேட்டிருக்கிறாள். சா. முருகேசன் முகவரியைத் திரும்பக் கேட்டாள். எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம். லோயர் பிள்ளைகளுக்கு வேகம் போதாது.

6.8.99, வெள்ளி

பில்டிங்காரர் வந்தார். மாதா மாதம் வந்து, என் கையால் ஒரு காபி குடித்து, மகனுக்கு வேலை கிடைக்காததைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார். நல்ல மனுஷர். இன்று நாற்காலியில் உட்காராமல் மெஷின்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“லாட்ஜுக்காரரு என்னமோ சொன்னாரு டீச்சர். நான் நம்பல.”

“நம்புங்க சார்” என்றேன். தமிழில், அந்தச் சொல்லோடு சேர்த்து, முழு வாக்கியமாகச் சொன்னேன். நான்காம் மெஷினில் அடித்துக்கொண்டிருந்த பெண் ஒரு கணம் நிறுத்தி, மறுபடி அடித்தாள்.

“அதுனால என்ன டீச்சர், நான் அதெல்லாம் பாக்குறதில்ல” என்றார். இடத்தைக் காலி பண்ணச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார் என்று நினைக்கிறேன்.

காபி கலந்து நீட்டினேன்.

“இல்ல டீச்சர், இன்னைக்கு ஆடி வெள்ளி. விரதம்.”

போன வருஷம் ஆடி வெள்ளிக்கும் குடித்தார். அவர் படி இறங்கும்வரை நின்றிருந்துவிட்டு, அவர் காபியையும் நானே குடித்தேன். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.