நீ மூச்செடுக்கும் இடம்

இன்று அடிவாரத்தில் பஸ் ஏறினேன். வளைவுகள் தொடங்கியதும் பக்கத்து சீட்டு அக்கா குமட்டலுக்கு ஒரு புதினா மிட்டாயைப் பிரித்து, எனக்கும் ஒன்று நீட்டினார். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன். பாட மேடை ஏறுவதற்கு முன் நீ பாதி கடித்து, மீதியை என்னிடம் தருவாயே, அதே வாசனை.

நம் சர்ச் கொயரில் கீழ்க்குரல் பாட நாம் இருவர்தான். நீண்ட வரியை ஒருத்தியால் முழுக்க இழுக்க முடியாது. உன் சுண்டுவிரல் என் கையைத் தொட்டால் நீ மூச்செடுக்கப் போகிறாய் என்று அர்த்தம். நான் விடாமல் பிடிக்க வேண்டும். நான் தொட்டால் நீ பிடிப்பாய். கேட்கிறவர்களுக்கு மூச்சே வாங்காத ஒரே குரல்தான் கேட்கும்.

அப்படித்தான் இங்கிலாந்து போய் ஊர் ஊராகச் சர்ச்சுகளில் பாடினோம். பாட்டு முடிந்ததும் யாராவது ஒருவர், சபையால் தன் வாழ்க்கை எப்படி மாறியது என்று சாட்சி சொல்ல வேண்டும். ஒருநாள் உன்னை நிறுத்தினார்கள். "நான் நாகலூருங்க. அம்மா எஸ்டேட்டுல காப்பிப் பழம் பறிக்கறாங்க. எனக்குப் பாட்டுன்னா நொம்பப் புடிக்கும்" என்றாய். நம் பாஸ்டர் அதை நீளமாக ஆங்கிலத்தில் சொன்னார். பட்டினி கிடந்த குழந்தை, குடிகார அப்பா, சபை வந்து தூக்கியெடுத்த பெண். முன்வரிசையில் கண்ணைத் துடைத்தார்கள். நீ அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினாய். உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அம்மா தினமும் சமைத்தார், அப்பா குடிப்பதில்லை, நான் பாட வந்தவள் என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாய்.

திரும்பும்போது வேனில் பாஸ்டர் கேட்டார். "ஏங்கண்ணு, இப்படி மானத்த வாங்கிட்டியே. அவங்க மனசு எரங்கினாத்தான நம்ம கொயர் நடக்கும்?"

"ஏனுங்க பாஸ்டர், பாட்டு நல்லாருந்தா எரங்காதுங்களா?"

நான் சிரித்துவிட்டேன். மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த பயணத்துக்கு உன்னைக் கூப்பிடவில்லை. உன் குரல் கரகரப்பாகிவிட்டதாம். நான் சண்டைக்குப் போகக் கிளம்பினேன். "உடு புள்ள, அங்க நொம்பக் குளிரு" என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தாய். ஆனால் அதன்பிறகு நீ கொயருக்கு வரவில்லை. வீட்டில்கூடப் பாடுவதில்லை என்று உன் அம்மா சொன்னார்.

காப்பிப் பழம் பறிக்கிற நாட்களில் உன் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. அவருக்குப் பதிலாக நீ போனாய். மூட்டை ஏற்றுகிற வண்டியில் உங்களை நெருக்கி நிற்கவைத்துக் கொண்டுபோனார்கள். வளைவில் வண்டி கவிழ்ந்தது. பிரேக் என்றார்கள், மழை என்றார்கள், தேவசித்தம் என்றார்கள். மூட்டை வண்டியில் ஏன் ஆட்களை ஏற்றினீர்கள் என்று எஸ்டேட்டை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். துக்க வீட்டில் அரசியல் பேசாதே என்றார்கள்.

அடக்க ஆராதனையில் பாஸ்டர் மறுபடியும் ஆரம்பித்தார். "பட்டினியில் வளர்ந்த இந்த மகளைக் கர்த்தர்..." உன் அம்மா எழுந்து நின்றார்.

"எம்புள்ளைக்கு ஒரு நாளும் நான் சோறு போடாம இருந்ததில்லீங்க. அதச் சொல்லாதீங்க, சாமி."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பாஸ்டர் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். பாடினோம்.

அந்த நீண்ட வரி வந்தது. பழக்கத்தில் என் சுண்டுவிரல் பக்கவாட்டில் நீண்டது. அங்கே யாரும் இல்லை. முடிந்தவரை இழுத்தேன், மூச்சு தீர்ந்தது, எடுத்தேன். வரி அறுந்தது.

உன் இடத்தில் வேறொரு பெண்ணை நிறுத்துகிறோம் என்கிறார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். ஞாயிறுதோறும் அந்த இடத்தில் பாட்டு அறுகிறது. புதிதாக வந்தவர்கள், நான் தவறிவிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்க்கிறார்கள். உன் அம்மா மட்டும் பார்ப்பதில்லை. தலையைக் குனிந்தபடி, நான் மறுபடி தொடங்கும்வரை காத்திருக்கிறார்.