முதுகில் சிவப்பு ஏழு

காவல் குடில், புந்தா லோபெரா
12 மே 1998

அன்புத் தம்பி நிகனோருக்கு,

அக்கா எதெல்வினா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதவே கை கூசுகிறது. ஐந்து கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் நீ வாய் திறக்கவில்லை.

இங்கே கடல் வெந்நீராய்க் கிடக்கிறது. எல் நின்யோ ஆண்டில் எப்படி இருக்குமென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெத்திலி குளிர்ச்சி தேடி ஆழத்துக்கும் தெற்குக்கும் போய்விட்டது. அதன் பின்னாலேயே தாய்ச் சீல்களும் போய்விட்டன. குட்டிகள் நான் காவல் காக்கும் பாறையிலேயே காத்திருந்து செத்தன. நானூற்றுப் பதினொன்று வரை எண்ணினேன். அதற்குமேல் முடியவில்லை.

மார்ச்சில், சீல்களை ஆராயும் டாக்டர் உர்தேகாவும் நானும் ஏழு பெண் சீல்களின் முதுகு ரோமத்தில் சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவியைப் பசை வைத்து ஒட்டினோம். சீல் போகுமிடத்தை அது செயற்கைக்கோளுக்குச் சொல்லும். டாக்டர் எனக்கு வரைபடம் அனுப்புவார். கருவிகளின்மேல் எண்களை நான்தான் சிவப்புச் சாயத்தில் எழுதினேன். ஆறு கருவிகள் ஓய்ந்துவிட்டன. ஏழாம் எண்காரி மட்டும் பிழைத்திருக்கிறாள். எங்கே தெரியுமா? உன் கலேத்தா ஒந்தாவில்! மூன்று வாரமாக அங்கேயே வளைய வருகிறாள். "உங்க தம்பி ஊர்ல இன்னும் குளிர்ந்த தண்ணி இருக்கு எதெல்வினா, இல்லேன்னா இவ நிக்க மாட்டா!" என்று டாக்டர் குதிக்கிறார். நானும் குதித்தேன். ஒன்றாவது தப்பியதே.

பார்த்தால் விரட்டாதே.

அன்பு அக்கா,
எதெல்வினா


கலேத்தா ஒந்தா
3 ஜூலை 1998

அக்காவுக்கு,

இப்போது வாய் திறக்கிறேன். வாங்கிக்கொள்.

நேற்று மீன்துறை அலுவலகத்தார் கரையில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். சீல்கள் அடைக்கலம் புகுந்த குடாவாம், மறு உத்தரவு வரும்வரை வலை போடக் கூடாதாம். இருபத்திரண்டு படகும் மணலில் கிடக்கின்றன. கிடைத்ததே அரைக்கூடை மீன். அதிலும் பாதியை வலையைக் கிழித்துத் தின்றது உன் ஓநாய்க் கூட்டம். ஆமாம், நாங்கள் ஓநாய் என்றுதான் சொல்வோம். சீல் என்பதெல்லாம் உன் டாக்டர் பாஷை.

இந்த வருடம் சீட்டுக் குலுக்கியதில் மீனவர் காவலர் சான் பெத்ரோவின் சுரூபம் என் படகுக்கு வந்தது. திருநாளன்று காலை கோயில் துறையில் ஏற்றி, நடுப்பகலில் தீவை மூன்று சுற்றுச் சுற்றி, திரும்பும்போது மணல்திட்டில் தட்டி, மாலையில் நீர் ஏறும்வரை அங்கேயே மாட்டிக்கொண்டேன். கரையே சிரித்தது. இப்போது எவனும் சிரிக்கவில்லை. பக்கத்துப் படகு சிப்ரியானோ என் முகத்துக்கு நேரே கேட்டான்: "என்னடா நிகா, ஓநாய்க்கு விருந்து வெச்சு நம்ம பிள்ளைங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டாளே உங்கக்கா!"

உன் டாக்டர் வரைபடத்தில் இருக்கும் ஒரு புள்ளிக்காக ஓர் ஊரையே மூடுவதா? அந்தப் புள்ளி பொய் என்று எழுதிப் போடு. காரணம் கேட்காதே.

நிகனோர்


புந்தா லோபெரா
19 ஜூலை 1998

நிகனோர்,

அன்பும் இல்லை, நலமும் இல்லை.

ஜூன் மாத வரைபடம் வந்தது. உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 29-ஆம் தேதி, சான் பெத்ரோ திருநாளன்று, என் ஏழு காலையில் கோயில் துறையில் இருக்கிறாள். நடுப்பகலில் தீவைச் சுற்றுகிறாள். பிறகு மாலைவரை மணல்திட்டில். என் சீலுக்கு எப்போதிருந்து பக்தி வந்தது? படகு ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் துறையைவிட்டு நகர்வதே இல்லை. இதைக்கூடப் பார்க்காமல் குளிர்ந்த நீர், குளிர்ந்த நீர் என்று குதித்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவளைக் கொன்றுவிட்டாய். கொன்று, கருவியைப் பிடுங்கிப் படகில் போட்டுக்கொண்டு, அதே படகில் சான் பெத்ரோவையும் ஏற்றிக்கொண்டு சுற்றியிருக்கிறாய். அப்புறம் எனக்கே வசை எழுதுகிறாய். எவ்வளவு திமிர்! கடல் கொன்றதைப் பொறுத்துக்கொண்டேன். நீ கொன்றதைப் பொறுக்க மாட்டேன்.

இதே தபாலில் மீன்துறை அலுவலகத்துக்கும் எழுதிவிட்டேன். அந்தப் புள்ளி சீல் அல்ல, சீலைக் கொன்ற என் தம்பியின் படகு என்று. உன் பெயர், படகின் எண், எல்லாம் கொடுத்திருக்கிறேன். குடா திறக்கும். உனக்கு மட்டும் திறக்காது.

எதெல்வினா


கலேத்தா ஒந்தா
9 ஆகஸ்ட் 1998

எதெல்வினா அக்காவுக்கு,

நீ சொன்னபடியே ஆயிற்று. இருபத்தொரு படகு கடலில். என்னுடையதற்குப் பூட்டு.

"எப்பய்யா கொன்ன?" என்றார் வந்த அதிகாரி. "கொல்லலீங்க." "அப்ப எங்க அது?" "தெக்க போயிடுச்சு." விழுந்து விழுந்து சிரித்தார். கருவியின் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு அதை என்னிடமே எறிந்துவிட்டுப் போனார். பார்சலில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரலில் தனியாக வலை இழுத்தேன். உள்ளே ஓர் ஓநாய், எலும்பும் தோலுமாக. தடியை எடுத்தேன். அடிக்கத்தான் எடுத்தேன், பொய் சொல்ல மாட்டேன். முதுகில் சிவப்பு ஏழு. ஏழின் வாலைத் தூண்டில் முள்ளாக வளைத்து எழுதுபவள் நீ ஒருத்திதான். கை இறங்கவில்லை. என் நல்ல வலையை அறுத்தேன். கருவியில் கயிறு இறுகிக் கிடந்ததால் ரோமத்தோடு சேர்த்து அதையும் கத்தியால் சீவிப் படகில் எறிந்தேன். தெற்கே போய்விட்டாள். ஓநாய்க்காக வலையை அறுத்தவன் என்று தெரிந்தால் இந்தக் கரையில் எவன் என்னோடு படகு ஏறுவான்? மோட்டார் விசிறி அறுத்தது என்று சொன்னேன்.

அந்தக் கருவி இன்னும் பேசுகிறது என்று உன் கடிதம் வந்தபிறகுதான் தெரியும். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒன்றாவது தப்பியதே என்று எழுதியிருந்தாய். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

நீ ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். ஊரான் சந்தேகப்பட்டால் சண்டை போடுவேன். உன்னை என்ன செய்ய? நம்பிக்கை இல்லையென்றால் கருவியின் அடிப்பக்கத்தைப் பார். இனி எனக்கு எழுதாதே.

நிகனோர்


புந்தா லோபெரா
30 ஆகஸ்ட் 1998

தம்பி,

இது ஒன்று மட்டும்.

பார்த்தேன். பசையில் ரோமம் மட்டும் இருக்கிறது, ஓரம் நேராகச் சீவி. தோல் துளிகூட இல்லை. செத்த உடம்பென்றால் யாரும் பார்த்துப் பார்த்துச் சீவ மாட்டார்கள், பிய்த்தெடுப்பார்கள்; தோலும் சேர்ந்து வரும். பதினான்கு வருடம் காவல் இருப்பவளுக்கு இது தெரியும். தெரிந்தவள், கருவியைக் கண்ணால் பார்க்கும் முன்பே கொலை என்று எழுதிக் கொடுத்தேன். என்மேல் எனக்கு வரும் ஆத்திரத்தை எங்கே கொட்டுவேன்?

அலுவலகத்துக்கு ஓடினேன். "நீங்கதானேம்மா கொன்னான்னு எழுதினீங்க? இப்பத் தம்பின்னு மாத்திப் பேசுறீங்க. அந்தச் சீல உசிரோட காட்டுங்க, பூட்ட எடுத்துடறோம்" என்றார்கள். மேசையைத் தட்டிக் கத்தினேன். வெளியே அனுப்பிவிட்டார்கள்.

நீர் குளிர்ந்து வருகிறது. சீல்கள் ஒன்றிரண்டாகத் தெற்கிலிருந்து திரும்புகின்றன. பாறை ஏறும் ஒவ்வொன்றின் முதுகையும் பார்க்கிறேன். உள்ளங்கை அளவு சீவிய இடம் இருக்க வேண்டும். கோடையில் ரோமம் மாறிவிட்டால் அதுவும் மூடிவிடும், பிறகு அவளை எனக்கே தெரியாது. அதற்குள் வந்தால் படம் பிடித்துக்கொண்டு நானே உன் வாசலுக்கு வருவேன். வராவிட்டால் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

இன்றுவரை நாற்பத்து மூன்று வந்திருக்கின்றன. அவள் இல்லை.

எதெல்வினா