பெண் கேட்கும் சாங்

டோம்கர்
1997 செப்டம்பர் 28

என் அன்பு லாடோல் அச்சேக்கு,

ஜூலே. உன் தங்கை யாங்டோல் எழுதுகிறேன். அபா நலம். ஆனே புதித்தின் முழங்கால் மட்டும் நலமில்லை. அதை முதல் வரியிலேயே எழுதச் சொன்னாள். நம் அத்தைக்கு அபாவைவிடத் தன் முழங்கால் முக்கியமாம். அண்ணனும் தங்கையும் இன்று காலையிலிருந்து பேசிக்கொள்ளவில்லை.

புதுப் பார்லியில் முதல் சாங் இறக்கிவிட்டேன். மூன்றாம் நாள் கம்பளியை விலக்கியதும் பழுத்த ஆப்ரிகாட் வாசனை வந்தது. பஸ் டிரைவர் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, "லேயில விக்கிற பாட்டில் பியரெல்லாம் இதுகிட்ட நிக்காது பொண்ணே" என்றார். நான் வழக்கம்போல அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இந்தப் பொண்ணுக்கு வாய் இருக்கா, இல்ல அதையும் ஊறப் போட்டுட்டியா?" என்று ஆனேயிடம் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அறுவடை முடிந்துவிட்டது, அச்சே. இனி பெண் கேட்டு வரும் காலம். போன வாரம் யாரோ ஆனேயிடம் என் வயதை விசாரித்திருக்கிறார்கள். பதினெட்டு முடிந்துவிட்டது என்று இவளும் சொல்லியிருக்கிறாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிடுகிறேன். வருகிறவர்கள் கையில் சாங் குடம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். அபா அதில் ஒரு வாய் குடித்துவிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும், என் கதை முடிந்தது.

உன் சாங் எப்படி வந்தது? லேயில் அஜாங் கடையில் கடிதத்தைக் கொடுக்கும்படி பஸ் டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். நம் மாமா வழக்கம்போல அதைப் பருப்பு மூட்டைமேல் மறந்துவிடாமல் இருக்க வேண்டும்.

உன் யாங்டோல்

---

கியா
அக்டோபர் 9

என் கண்ணே யாங்டோலுக்கு,

உன் கடிதத்தில் பருப்புத் தூசி இருந்தது. ஆனாலும் வந்து சேர்ந்துவிட்டது.

என் சாங்கைக் கேட்காதே. இரண்டு ஊறலும் புளித்துவிட்டன. இந்த ஊரில் இப்போதே வாளித் தண்ணீர் உறைகிறது. ஊறலுக்குச் சூடு ஏறுவதே இல்லை. மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏம்மா, இது சாங்கா மோரா? உங்க டோம்கர்ல ரெண்டுக்கும் ஒரே பேரா?" என்று பக்கத்து வீட்டுக்காரிகள் முன்னால் கேட்டாள். உன்னிடம் இருக்கிற ஈஸ்ட் கட்டியில் நாலைந்து அனுப்பு. நீ எப்படிப் போடுகிறாய் என்றும் விவரமாக எழுது. என்னைவிட உனக்குக் கை நன்றாக வருகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது பெரிய செய்தி. எங்கள் ஊர்த்தலைவர் வீட்டில் இரண்டாவது மகனுக்குப் பெண் கேட்கப் போகிறார்கள். கேட்கும் சாங்கை என்னைப் போடச் சொல்லியிருக்கிறார்கள். நாலு வருஷமாக இந்த ஊரில் யாரும் என்னிடம் ஒரு வேலை சொன்னதில்லை. யாரைக் கேட்கப் போகிறார்கள் தெரியுமா? உன்னைத்தான். நம் அபா அந்தச் சாங்கைக் குடித்துவிட்டால், என் வாசலிலிருந்து முப்பது அடியில் உன் வாசல்!

எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை, சந்தோஷத்தில்.

உன் அச்சே, லாடோல்

---

டோம்கர்
அக்டோபர் 19

அன்பு அச்சேக்கு,

ஈஸ்ட் கட்டி ஆறு வைத்திருக்கிறேன், துணியில் முடிந்து. ஈரம் படாமல் மாவு ஜாடிக்குள் வை. பார்லியை வேகவைத்து விரித்த பிறகு, மணிக்கட்டின் உள்பக்கத்தை அதன்மேல் வைத்துப் பார். சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. அப்போது கட்டியைப் பொடித்துத் தூவு. சூடாக இருக்கும்போது தூவினால் ஈஸ்ட் செத்துவிடும். உன் முதல் ஊறலில் அப்படித்தான் ஆகியிருக்கும். உன் ஊர்க் குளிருக்கு அடியில் ஒரு கை வைக்கோல், மேலே ஆட்டுமயிர்க் கம்பளி இரண்டு. இரண்டாம் நாள் திறந்து பார்க்காதே. எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

நீ எழுதிய மற்ற விஷயம். எனக்கு இப்போது வேண்டாம், அச்சே. நீ தவறாக நினைத்துக்கொள்ளக் கூடாது. உன் பக்கத்தில் இருக்க எனக்கும் ஆசைதான். ஆனாலும் இப்போது வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிடுவாயா? நீ சொன்னால் நன்றாகச் சொல்வாய்.

கடிதத்தை மூன்று முறை கிழித்து எழுதினேன். எழுத்து சரியில்லை என்றால் மன்னித்துக்கொள்.

யாங்டோல்

---

கியா
அக்டோபர் 28

என் வெட்கக்காரிக்கு,

வேண்டாம் என்கிறாயா? சொல்லாமல் இருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன். சாங் ஊற்ற வந்தால் யார்தான் உடனே கோப்பையை நீட்டுகிறார்கள்? முதல் தடவை கையால் மூடுவோம், இரண்டாம் தடவையும் மூடுவோம், மூன்றாம் தடவை குடிப்போம். அபா ஒரு கல்யாணத்தில் இரண்டு தடவை மூடிவிட்டு, மூன்றாவது தடவை ஊற்றுகிறவன் மறந்து நகர்ந்துவிட்டான் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறதா?

உன் ஈஸ்ட்டில் ஒரு சின்ன ஊறல் போட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு, வைக்கோல் எல்லாம் நீ சொன்னபடி. அடடா! மாமியார் மூன்று கோப்பை குடித்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. அவளுக்கு அதுவே பாராட்டு.

பையன் பெயர் நாம்கியால். யாக் வளர்க்கிறான், குடித்துவிட்டுச் சத்தம் போடமாட்டான், பல் வரிசையாக இருக்கும். நவம்பர் இருபது நல்ல நாள் என்று லாமா பார்த்துச் சொல்லியிருக்கிறார். அன்று அவனுடைய பெரியப்பாவும் இன்னும் இரண்டு பேரும் வருவார்கள்.

இங்கே என் வீட்டுக்காரர் லாரியோடு போனால் இரண்டு மாதம் கழித்து வருவார். சாயங்காலம் பசுவிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், யாங்டோல். அதுவும் எத்தனை நாள் கேட்கும்? நீ வந்துவிடு.

லாடோல்

---

டோம்கர்
நவம்பர் 6

அச்சேக்கு,

இதை வெட்கம் என்று எடுத்துக்கொள்ளாதே. தயவுசெய்து ஒரு தடவை நான் எழுதியதை எழுதியபடியே படி. எனக்கு வேண்டாம்.

நாம்கியால்மேல் குறையில்லை. நான் பள்ளிக்கூடத்தை ஏன் விட்டேன் என்று உனக்குத் தெரியும். எழுத்தெல்லாம் தெரியும், எழுந்து நின்று படிக்கச் சொன்னால் குரல் வராது. தினமும் காலையில் வாந்தி எடுத்துவிட்டுப் போவேன். புது வீடு என்று நினைத்தாலே அந்தப் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வருகிறது. இங்கே யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. என் சாங் நன்றாக இருக்கிறது என்று மேல்தெருவிலிருந்தும் ஆள் வருகிறார்கள். இப்போதுதான் நான் நிமிர்ந்து நடக்கிறேன், அச்சே. இன்னும் கொஞ்ச காலம் இப்படி இருக்கிறேனே.

அபாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அபா, எனக்கு வேண்டாம்."

"சரி சரி, சொல்லு. சொல்லத்தான் வேணும்."

"நிஜமாத்தான் அபா."

"பொண்ணு வேண்டாம்னு சொல்லலேன்னாதான் ஊரு சிரிக்கும். உன் அக்கா சொல்லலையா? இப்ப நல்லாத்தானே இருக்கா?"

சிரித்துக்கொண்டே கயிறு திரிக்கப் போய்விட்டார். ஆனே வந்து, "அழுதாக் கண்ணு வீங்கும், வர்றவங்க பயந்துருவாங்க" என்றாள்.

இந்த இரண்டு வாரத்தில் நான் போட்ட ஊறல் இரண்டும் வீண். எடுத்துக் கொட்டினேன். பார்லி எப்போது ஆறியது என்றே கைக்குத் தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்தச் சாங்கைப் போடாதே. போட்டுவிட்டாய் என்றால் புளித்துவிட்டது என்று சொல்லிவிடு. கெட்ட சாங்கை எடுத்துக்கொண்டு யாரும் பெண் கேட்கப் போகமாட்டார்கள். நாள் தள்ளிப் போகும், பிறகு பனிக்காலம் வந்துவிடும். உனக்கு ஒரு ஊறல்தானே நஷ்டம்?

யாங்டோல்

---

கியா
நவம்பர் 14

யாங்டோலுக்கு,

ஒரு ஊறல்தான் நஷ்டமா? மோர் காய்ச்சுகிறவள் என்ற பெயர் போய் இப்போதுதான் இருபது நாள் ஆகிறது. ஊர்த்தலைவர் வீட்டுக் கேட்கும் சாங்கையே புளிக்கவைத்தவள் என்று ஆனால் சாகும்வரை போகாது. இந்த ஊரில் எனக்கென்று இருப்பது இந்தச் சாங் மட்டும்தான். அதை என் கையாலேயே கொட்டச் சொல்கிறாய்.

நீ இங்கே வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். எல்லோருக்கும் முதலில் பயமாகத்தான் இருக்கும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

சாங் தயாராகிவிட்டது. என் கையில் இதுவரை இப்படி வந்ததில்லை. இருபதாம் தேதி வருவார்கள்.

லாடோல்

---

டோம்கர்
நவம்பர் 23

அச்சேக்கு,

உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஆனாலும் நடந்ததை நான் எழுத வேண்டும். அவர்கள் சொல்லி நீ கேட்பது வேறு.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேரும் வந்தார்கள். குடத்தின் வாயில் சுபத்துக்கு மூன்று இடத்தில் வெண்ணெய் வைத்திருந்தீர்கள். அழகாக இருந்தது. அபா தடுத்தும் கேட்காமல் ஆனே நல்ல விரிப்பை எடுத்துப் போட்டாள். நான் அடுப்படியில் நின்றேன். நாம்கியாலின் பெரியப்பா வழியையும் பனியையும் பற்றிப் பேசினார். பிறகு உன்னைப் பற்றி. "எங்க ஊருக்கு ஏற்கெனவே ஒரு பொண்ணு குடுத்தீங்க. அவ கைச் சாங்தான் இது. மிச்சத்தையும் குடுத்துட்டா எங்களுக்கு ரெண்டு கையும் கிடைச்ச மாதிரி" என்றார். அபாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அபா கோட்டுக்குள்ளிருந்து கோப்பையை எடுத்தார். பெரியப்பா ஊற்ற வந்தார். அபா கையால் மூடி, "ஐயோ, நமக்கெதுக்கு இவ்வளவு" என்றார். நான் அப்போது சொன்னேன், "அபா, வேண்டாம்" என்று. எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. மூவரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள். "நல்லா வளத்திருக்கீங்க" என்றார் ஒருவர்.

இரண்டாவது தடவை ஊற்ற வந்தார். அபா மறுபடி மூடினார். "எனக்கு வேண்டாம்" என்றேன், கொஞ்சம் சத்தமாக. ஆனே, "போதும்டி, ரெண்டு தடவை ஆச்சு. போய் டீயப் பாரு" என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

மூன்றாவது தடவை அபா கையை எடுத்துவிட்டார்.

நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை, அச்சே. கால் தானாகப் போயிற்று. கோப்பைமேல் என் கையை வைத்துவிட்டேன். பெரியப்பா அதற்குள் குடத்தைச் சாய்த்துவிட்டார். சாங் என் விரல்மேல் விழுந்து விரிப்பெல்லாம் வழிந்தது. யாரும் சிரிக்கவில்லை. "நான் வெட்கப்படல. எனக்கு வேண்டாம்" என்றேன். குரல் வந்தது. ஆறாம் வகுப்பில் வராத குரல்.

"மூணாவது தடவையா சொல்ற?" என்றார் அபா.

"ஆமா அபா."

அபா என் ஈரக் கையைப் பார்த்தார். பிறகு கோப்பையைச் சட்டைக் கையில் துடைத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். பெரியப்பா எழுந்து, வெண்ணெய் கலையாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். டீகூடக் குடிக்கவில்லை.

அபா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. இன்று காலை ஒரு மூட்டைப் பார்லியைக் கொண்டுவந்து அடுப்படியில் இறக்கிவிட்டுப் போனார்.

சாங் நன்றாக வந்திருந்தது. வாசனையிலேயே தெரிந்தது. அது திரும்பி வந்ததால் உனக்கு என்ன ஆகும் என்று நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போய்விட்டது. உன் மாமியார் என்ன சொன்னாள்? அந்த வீட்டார் உன்னை என்ன சொன்னார்கள்? திட்டியாவது எழுது. சும்மா இருந்துவிடாதே.

உன் யாங்டோல்

---

கியா
டிசம்பர் 8

யாங்டோல்,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. கோபம். அதனால் எழுதவில்லை. இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

குடத்தை அவர்கள் வீட்டுக்குள்கூடக் கொண்டுபோகவில்லை. நேராக என் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். "போன சாங் திரும்பி வந்த வீடுன்னு ஆயிருச்சு. உங்க வீட்டுல ஒருத்திக்கு வாயே இல்லைன்னு சொன்னாங்க, பேச வேண்டியத எல்லாம் மொத்தமா சேத்து வெச்சிருந்தாளோ?" என்றாள் மாமியார். அதன்பிறகு என்னோடு பேசவில்லை. திரும்பி வந்த கேட்கும் சாங்கை யாரும் தொடமாட்டார்கள். மாட்டுக்குக்கூட ஊற்றக் கூடாது என்றாள். ஆகவே கொட்டிலில் உட்கார்ந்து நானே குடித்தேன். மூன்று நாள் ஆயிற்று. நல்ல சாங், யாங்டோல். அப்படி ஒரு சாங்கை யாருமே குடிக்கவில்லை என்று முதல் நாள் அழுதேன். மூன்றாம் நாள் வேறு எதற்கோ அழுதுகொண்டிருந்தேன்.

என்னைக் கேட்டு வந்த அன்று நானும் அதே அடுப்படியில்தான் நின்றேன். இரண்டு தடவை சொன்னேன். நீ சின்னவள், கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாய். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே டீ ஊற்றப் போய்விட்டேன். அதற்குமேலும் சொல்லலாம் என்பது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் இவ்வளவு கோபம் என்று நினைக்கிறேன். உன்மேல் இல்லை. உன்மேலும்தான், கொஞ்சம்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிவிட வேண்டும். ஆனால் இந்த ஊரில் நான் யார் என்று எனக்கே நினைவு வைத்துக்கொள்ள முடியவில்லை.

லோசர் புத்தாண்டுக்கு நாலு நாள் முன்னால் லே வருகிறேன். அஜாங் கடையில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் பஸ்ஸில் டோம்கர். நான் மட்டும். பெட்டி கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஆனே ஏதாவது கேட்டால் பரிசுப்பொருள் என்று சொல்லிவை. எத்தனை நாள் இருப்பேன் என்று அபா கேட்டால் நீ ஒன்றும் சொல்லாதே. இந்த வருஷத்துக்கு நீ பேசியது போதும். அபாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

லாடோல்