புல்லட்டில் பின்சீட்டு யாருக்கு

பிப்ரவரி 18, ஞாயிறு

இன்று சாயங்காலம் வீட்டில் இருந்தவர்கள்: அவர், நான், அவருடைய அக்கா குருவம்மாள் மதினி, தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொடுக்கும் வீரபாண்டி அண்ணன். நாலே பேர். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று பின்னால் யாரும் சொல்லக்கூடாது, அதனால் எழுதி வைக்கிறேன்.

பேச்சு லடாக் பயணம் பற்றி. ஜூன் முதல் வாரம் புல்லட்டில் கிளம்புகிறோம். மகள் ரேணுகாவைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய மறுநாள் அவரே வாய்விட்டுச் சொன்னது இது: "கடமை முடிஞ்சிருச்சு. இனி ஒன்னயப் பின்னால வச்சு இமயமலை வரைக்கும் ஓட்டுறேன் பாரு." நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் போனைப் பார்த்துப் பார்த்தே வழியைப் படித்துவிட்டேன். மதுரையை ஒட்டிப் போகிற நான்குவழிச் சாலைதான் ஸ்ரீநகர் வரைக்கும் போகிறது என்று தெரிந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கெங்கே தங்குவது, எந்த உயரத்துக்கு மேல் ஒரே நாளில் ஏறக்கூடாது, நம் ஊர் பிரீபெய்டு சிம் எந்த ஊரோடு வேலை செய்யாமல் போகும், எல்லாவற்றையும் சொன்னேன். செலவுக் கணக்கையும் வாசித்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

மதினிதான், "அம்புட்டுத் தொலைவு எதுக்குத்தா? திருச்செந்தூரு பத்தாதா?" என்றார்.

சிந்து நதி என்றேன். தினமும் குளிக்கும்போது ஏழு நதியின் பெயரைச் சொல்லித்தான் முதல் செம்பைத் தலையில் ஊற்றுகிறேன். ஊற்றுவது போர் தண்ணீர், வாயில் பட்டால் உப்பு. காவிரியைத் திருச்சியில் பார்த்திருக்கிறேன். மற்ற ஆறும் வெறும் பெயர்கள். லடாக்கில் லே ஊருக்குப் பக்கத்திலேயே சிந்து ஓடுகிறது. கரையில் நின்று ஒருதரம் காலை நனைத்தால் போதும். வேறொன்றும் கேட்கவில்லை.

"வீட்டுக் கொழாயில வாரத்துக்கு ஒருக்கத்தான் தண்ணி வருது. இவளுக்குச் சிந்து நதி கேக்குது" என்றார் மதினி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

மத்தியானச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கத் திருச்சுழிக்கு பஸ்ஸில் போனேன். அவருடைய ஜெராக்ஸ் கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். "நம்ம வீட்ல இந்திப் பண்டிட்டு வந்திருக்காக, வழிவிடுங்க" என்றார். போனில் நான் படிக்கிற இந்தியை அத்தனை பேர் முன்னால் பேசிக்காட்டச் சொன்னார். பெட்ரோல் பங்கு எங்கே, ரூம் வாடகை எவ்வளவு, உடம்பு சரியில்லை டாக்டரைக் கூப்பிடுங்கள் — மூன்றையும் சொன்னேன். கடைசி வார்த்தையை ஒருவன் ஆடு கத்துகிற மாதிரி திருப்பிச் சொன்னான். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான்.

வீட்டுக்கு வந்து அதே மூன்று வரியை இன்னும் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். வழியில் இந்த வாய்தானே உதவப்போகிறது.

மார்ச் 24, ஞாயிறு

ஓட்டிப் பார்ப்போம் என்று வீரசோழன் வரை போய் வந்தோம். வெயிலில் கண் கூசியது. இடுப்பு வலித்தது, சொல்லவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி கந்த சஷ்டி சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஓர் இடத்திலும் நிறுத்தச் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் டயரைக் குனிந்து பார்த்தார். "நீ ஏறுனா டயரு அமுங்குது. மலையில வண்டி உன்னய இழுக்குமா, ஒஞ் சாமானை இழுக்குமா?"

நாளையிலிருந்து ராத்திரிக்கு ஒரு சப்பாத்தி.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. பாயசம் வைத்துச் சாமிக்குப் படைத்துவிட்டு இலை போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். பின்சீட்டில் வீரபாண்டி வருகிறாராம். இருவரும் மாறி மாறி ஓட்டுவார்களாம். எனக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்டார்.

வாக்குக் கொடுத்தீர்களே என்றேன்.

"பொம்பளையக் கூட்டிட்டுப் போயி பனியில செத்துக்கித்துப் போனா பதில் சொல்றது யாரு? ஊரு என்னயத்தான காறித் துப்பும்?"

நான் விடவில்லை. எத்தனையோ வருஷமாக இந்த வீட்டில் எதற்கும் நான் எதிர்த்துப் பேசினதில்லை, இன்றைக்குப் பேசினேன். இலையை மடக்காமலே எழுந்துவிட்டார். இப்போது மதினி நடுவில் வந்து ஒரு வழி சொல்லியிருக்கிறார். "நீதான பெரிய பக்தக்காரி. குலசாமிகிட்டப் பூக்கட்டிக் கேட்ருவோம். ஆத்தா போன்னா போ. வேண்டாம்னா வாயப் பொத்திட்டு இரு. சம்மதமா?"

சம்மதம் என்றேன். ஆத்தா சொன்னால் எனக்கென்ன. அவளுக்குத் தெரியாததா.

ஏப்ரல் 26, வெள்ளி

கண்மாய்க்கரைக் காளி கோயில். பூசாரி பால்சாமி கற்பூரம் காட்டினார். வீட்டுக்காரரும் மதினியும் வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பொட்டலம் கட்டினார்கள். ஜெராக்ஸ் கடைப் பேப்பரில், ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் சிவப்பு அரளி. வெள்ளை வந்தால் நான் போகிறேன். சிவப்பு வந்தால் வீரபாண்டி.

பூசாரி எடுக்கக் கையை நீட்டினார். "அவளே எடுக்கட்டும். நாளைக்கு எங்களக் குத்தம் சொல்லக் கூடாதுல்ல" என்றார் மதினி.

மூன்று தடவை ஆத்தா பெயரைச் சொல்லி எடுத்தேன்.

சிவப்பு.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, கண்மாய்த் தண்ணீரில் விட வேண்டும், அதுதான் முறை. அவர் கரையில் நின்று வீசினார். கண்மாயில் எங்கே தண்ணீர்? வெடித்துக் கிடக்கிற மண்ணில் போய் விழுந்தது.

ஏப்ரல் 27, சனி

என் கைதானே எடுத்தது.

மே 14, செவ்வாய்

மூன்று வாரமாகச் செவ்வாய் வெள்ளி விரதம். தரையில் சோற்றைப் போட்டுத் தின்கிறேன். ஆத்தா வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் என்ன செய்தேன்? தீட்டோடு எப்போதாவது விளக்கைத் தொட்டேனா? மாமியார் கிடையாய்க் கிடந்தபோது ஒருநாள் முகம் சுளித்தேன், அதுவா? யோசிக்க யோசிக்க ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

எனக்கென்று மதுரையில் வாங்கிய குளிர் ஜாக்கெட்டை வீரபாண்டி அண்ணன் இன்று போட்டுப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது. "தங்கச்சி எனக்குன்னே அளவெடுத்து வாங்குன மாதிரில்ல இருக்கு" என்றார். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கை கொஞ்சம் நீளம் என்றார்கள். மடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

ஜூன் 2, ஞாயிறு

காலையில் கிளம்பினார்கள். தேங்காய் உடைத்தேன், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். வழியையும் தங்குமிடத்தையும் இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தேன். "அதெல்லாம் போன்ல கேட்டுக்கிருவேன். நீ இங்கனதான கெடக்கப் போற" என்றார்.

எனக்குத் துணைக்கு என்று மதினி பெட்டியோடு வந்துவிட்டார்.

ஜூன் 4, செவ்வாய்

அவர்கள் நல்லபடி போய்ச் சேர வேண்டும் என்று கோயிலில் விளக்குப் போடப் போனேன். பூசாரி வீட்டுப் பிச்சையம்மாள் கண்மாய்க்குள் கருவேல முள்ளை வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏத்தா, ரெண்டுலயும் செவப்ப வச்சுட்டுக் கேட்டா ஆத்தா என்னத்தச் சொல்லும்?"

எனக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறாய் என்றேன்.

அன்றைக்கு வீசின பொட்டலத்தை மறுநாள் காலையில் அவளுடைய ஆடு கடித்து இழுத்திருக்கிறது. பிடுங்கிப் பார்த்தாளாம். யாரோ ஒருத்தருடைய பட்டா நகல் பேப்பர். உள்ளே சிவப்பு அரளி. வெள்ளை ஒரு இதழ்கூட இல்லை. அப்போதே ஏன் சொல்லவில்லை என்றேன். "புருசன் பொஞ்சாதி சங்கதி. எனக்கு எதுக்குத்தா? ஒனக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன்."

விளக்குப் போடாமல் வந்துவிட்டேன்.

ஆத்தா என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆத்தாளிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை.

ஜூன் 5, புதன்

அவராகவும் இருக்கலாம். மதினியாகவும் இருக்கலாம். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் செய்திருக்க முடியுமா? பக்கத்தில் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தார்கள். ஊரை ஏமாற்றலாம், புருஷன் பெண்டாட்டியை ஏமாற்றலாம். ஆத்தா பாதத்தில் வைத்து — எப்படி மனசு வந்தது? நான் மண்ணில் போட்டுத் தின்ற சோற்றை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? ஒரு நாளாவது போதும் எழுந்திரு என்று சொல்லத் தோன்றவில்லையா?

ராத்திரி போன் வந்தது, ஐதராபாத்துக்குப் பக்கத்திலிருந்து. நல்ல ரூம் எங்கே என்று கேட்டார். சொன்னேன். குரல் மாறாமல் சொன்னேன்.

ஜூன் 8, சனி

மதினிக்கு இப்போதெல்லாம் தூக்கம் இல்லை. நான்தான் காரணம். சோறு போடும்போது ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். மலையில் பாறை உருண்டு பஸ்ஸோடு கீழே போனது, மூச்சு நின்று கூடாரத்துக்குள்ளேயே ஒருவர் விறைத்துக் கிடந்தது, பாலத்தில் வண்டி வழுக்கி ஆற்றோடு போனவரின் உடம்பு கடைசிவரை கிடைக்காமல் போனது. ஒன்றும் பொய் இல்லை. படித்ததைத்தான் சொல்கிறேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

"அய்யோ, ஏந் தம்பி அங்கயா போறான்?" என்று பிசைந்த கையை அப்படியே வைத்துவிட்டார்.

"ஆத்தா உத்தரவு குடுத்துத்தான போயிருக்காக மதினி. பயப்படாதீக" என்றேன்.

முகத்தையே பார்த்தேன். கண்ணைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை. அது பயமா, வேறு ஒன்றா — தெரியவில்லை. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

ஜூன் 9, ஞாயிறு

மதினி தம்பிக்காக மொட்டை போடுவதாக நேர்ந்திருக்கிறார். போடட்டும்.

ஜூன் 10, திங்கள்

டெல்லியைத் தாண்டிவிட்டார்கள். நான் சொன்னது ஸ்ரீநகர் வழி. அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற பாதை, உடம்பு பழகிக்கொள்ளும். வீரபாண்டி அண்ணனுக்கு மணாலி வழியாகப் போக ஆசையாம், அதில்தான் திரில்லாம். அந்தப் பாதை விறுவிறு என்று ஏறும். இரண்டு நாள் நிறுத்தி நிறுத்தி ஏற வேண்டும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். இன்று நான் திரும்பச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஜூன் 12, புதன்

சாயங்காலம் நாலு மணி இருக்கும். மதினி பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மணாலிக்கு மேலே கேலாங் என்ற ஊரிலிருந்து அவரிடமிருந்து வாட்ஸப் வந்தது. அப்படியே எழுதுகிறேன்:

"நேத்து ராத்திரிலேர்ந்து மண்டை பொளக்குது. ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டேன். நாளைக்கு விடிய கெளம்பி ஒரே ஓட்டமா லேவுக்குப் போயிரலாம்னு வீரபாண்டி சொல்றான். நடுவுல ஒரு எடத்துல படுக்கவே கூடாதுன்னு சொன்னியே, அது எந்த ஊரு? இங்கயே இருக்கவா, ஏறவா? இதுக்கு மேல நம்ம சிம்மு எடுக்காதாம்ல. ஒனக்குத்தான் தெரியும். சொல்லு."

எனக்குத்தான் தெரியும். ஏறக்கூடாது. தலைவலியும் வாந்தியும் இருக்கும்போது ஓர் அடிகூட மேலே போகக்கூடாது, அங்கேயே படுக்க வேண்டும், நிற்கவில்லை என்றால் கீழே இறங்கிவிட வேண்டும். ஒரு வரிதான். அடித்தேன். அடித்துவிட்டு அழித்தேன்.

"தம்பி என்ன சொல்றான்?" என்றார் மதினி.

"நல்லா இருக்காகளாம்."

"காளியாத்தா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவருக்கு நான் அனுப்பியது:

"சொல்றேன். மொதல்ல நீங்க ஒண்ணு சொல்லுங்க. கோயில்ல ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புப் பூ வச்சது நீங்களா, ஒங்க அக்காவா? போன் கையிலதான் இருக்கு. சீக்கிரம் பதில் போடுங்க."