வண்டியை அணைக்கும் முன் ஒரு நிமிஷம்

ஸ்ரீரங்கம்
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

அன்புள்ள சுபஸ்ரீக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க சமயபுரத்தாளிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றாடம் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீ ஐந்தாவது வார்த்தையை எடுத்துவிடுகிறாய். உன் சிநேகிதி ரேஷ்மா செவ்வாய்க்கிழமை எடின்பரோவுக்குக் கிளம்புகிறாளாம், பருப்புப் பொடி டப்பாவோடு இதையும் அவள் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார், அதனால் கடைசி வரை படி.

புதன்கிழமை நீ போனில் காரை விற்றுத் தொலைம்மா என்று சொன்னாய், நானும் சரி சரி என்று வைத்துவிட்டேன். விற்கவில்லை. இன்று காலை வாங்க வந்தவருக்குக் காபி கொடுத்து மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டேன். கோபப்படாதே, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஆனியில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து நீ பத்து நாள் லீவில் ஓடிவந்து ஆஸ்பத்திரியிலேயே கிடந்துவிட்டுப் போனாயே, அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள் தென்னூருக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். ஆட்டோவில் ஏற வலது கால் தூக்க வரவில்லை. ஆட்டோக்காரர் நல்ல மனுஷர்தான், இறங்கி வந்து அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி உட்கார வைப்பார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்திரண்டு வருஷம் டீசல் இன்ஜினைக் கழற்றி மாட்டியவரை ஒருவர் மூட்டை மாதிரி தூக்கி வைத்தால் எப்படி இருக்கும். வாடகைக் கார் கூப்பிட்டால் அவர் காலை உள்ளே இழுத்து வைப்பதற்குள் பின்னால் நாலு ஹாரன், டிரைவர் ஒன்றும் சொல்லாமல் போனில் மணியைப் பார்ப்பார், அது அதைவிட மோசம். மூன்றாவது வாரம் வரமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அவசரப்படுத்த ஆளில்லாத ஒரு வண்டி இருந்தால் வருவார் என்று எனக்குத் தோன்றியது. ஐம்பத்தெட்டு வயதில் லைசென்ஸ் வாங்கி அதைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தவள் நான், ஆவணி பிறந்ததும் போய் காட்டூர் பிரதீப்பிடம் அந்தச் சிவப்பு வண்டியை வாங்கிவிட்டேன். அவர் வேலை மாற்றலாகி ஊரைவிட்டுப் போகிறவர், ஆறு வருஷம் ஓட்டிய வண்டி. பின்னால் டர்போ என்று எழுதியிருந்தது, அழகுக்கு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதே.

முதல் நாள் தென்னூர் போய்விட்டு வந்து நம் அப்பார்ட்மெண்ட் பார்க்கிங்கில் நிறுத்தினேன். காவிரிப் பாலத்தில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் ஓட்டிவந்த பயத்தில் எனக்கு உள்ளங்கை எல்லாம் வேர்வை. நிறுத்திய கையோடு வண்டியை அணைக்கப் போனேன், உனக்குத்தான் தெரியுமே, ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினாலே எனக்கு ஆகாது. அப்பா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அணைக்காத. ஒரு நிமிஷம் ஓடட்டும்." வார்த்தை குழறித்தான் வந்தது, ஆனால் முழுசாக வந்தது. சுபா, இரண்டு மாசத்தில் அவர் வாயிலிருந்து அதுவரை நான் கேட்டதெல்லாம் ம், ஊஹும், தண்ணி, இவ்வளவுதான். நான் இன்ஜினைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நிமிஷம் முடியக்கூடாது என்று இருந்தது.

அப்புறம் ஒவ்வொரு நாளும் அந்த ஒரு நிமிஷத்தில் துண்டு துண்டாகச் சொன்னார். டர்போ என்றால் உள்ளே ஒரு சின்ன விசிறி, புகை தள்ளுகிற வேகத்தில் சுற்றி இன்ஜினுக்கு அதிகக் காற்றை ஊட்டுகிறதாம். ஓடிவந்த சூட்டில் அது கொதித்துக்கொண்டிருக்கும், ஆயில்தான் அதைக் குளிர வைக்கும், சட்டென்று அணைத்தால் ஆயில் நின்ற இடத்திலேயே கருகி ஒட்டிக்கொள்ளுமாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் உறுமவிடாதே, ஆயில் மேலே போய்ச் சேர அரை நிமிஷம் கொடு என்றார். அவர் வேலை பார்த்ததே ரயில் இன்ஜின் டர்போ செக்‌ஷனில்தானாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இன்றுதான் எனக்கு அது தெரிகிறது என்றேன், நீ எங்க கேட்ட என்றார். உண்மைதான். பழைய வண்டி வாங்கினால் விற்றவர் பேச்சை நம்பாமல் முதலில் ஆயிலையும் அதன் ஃபில்டரையும் மாற்ற வேண்டும் என்று அவர் சொல்லித்தான் காட்டூர் மெக்கானிக் ஜோஸிடம் கொண்டுபோனேன். போன மாசம்தான் மாற்றினேன் என்று பிரதீப் சொன்ன ஆயில் கரிச்சட்டி கழுவின தண்ணீர் மாதிரி வந்தது. புத்தகத்தில் போட்டிருக்கிற அதே ரகத்தை ஜோஸ் ஊற்றினார், மலிவாக இருக்கிறதே என்று வேறு எதையும் ஊற்றக்கூடாதாம், புத்தகம் சொல்கிற கெடுவுக்கு முன்னாலேயே மாற்றிவிட வேண்டுமாம். இப்போது சனிக்கிழமை காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது அளவுக்கம்பியை எடுத்துத் துடைத்து ஆயில் பார்ப்பது என் வேலை, கூலன்ட் அளவு பார்ப்பதும் என் வேலை, பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து தலையாட்டுவது அப்பா வேலை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில்தான் நான் ஒரு காரியம் செய்து வைத்தேன். வண்டி வாங்கின அன்று சமயபுரம் கொண்டுபோய்ப் பூஜை போட்டோம் இல்லையா, எலுமிச்சம்பழம் நசுக்கி, முன்னால் மாலை போட்டு. அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டியின் முன்பக்க வலையில் சாமந்திச் சரம் கட்டிவிடுவேன். பழைய சரத்தைக் கழற்ற மனசு வராது, அம்மனுக்குப் போட்டதாயிற்றே, தானாக உதிரட்டும் என்று அதன் மேலேயே புதுசைக் கட்டுவேன். பதிமூன்று வெள்ளிக்கிழமை. போன திங்கட்கிழமை தென்னூர் மேம்பாலம் ஏறும்போது வண்டி மூச்சு வாங்குகிறது, மிதித்தால் இழுக்கவில்லை, உள்ளே விசில் சத்தம். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டான். பயந்துபோய் ஜோஸுக்கு போன் போட்டால் அவர் வேளாங்கண்ணி போயிருக்கிறார். மன்னார்புரம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன், பானட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு டர்போ போயிடுச்சும்மா, புதுசு போடறதுக்கு வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க என்றார்கள். அதைத்தான் புதன்கிழமை உன்னிடம் அழுதுகொண்டே சொன்னேன், நீயும் விற்கச் சொன்னாய். ஸ்பீக்கரில் பேசினோம், அப்பா கூடத்தில்தான் இருந்தார். அன்றிலிருந்து மறுபடி ம், ஊஹும். வெள்ளிக்கிழமை தென்னூருக்கும் வரவில்லை. வண்டி போவதைவிட அந்தப் பேச்சு போய்விட்டதே என்றுதான் எனக்குப் பகீர் என்றது.

நேற்று காலை நான் குக்கர் வைத்துக்கொண்டிருக்கிறேன், ஆளைக் காணோம். கதவு திறந்து கிடக்கிறது. பதறிப்போய்க் கீழே ஓடினால், கைத்தடியோடு தனியாக லிஃப்டில் இறங்கிப் போய் வண்டிக்கு முன்னால் நிற்கிறார். தடியால் பானட்டைத் தட்டி, "திற" என்றார். திறந்தேன். ஓரத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினார், ஏர் ஃபில்டர் பெட்டி, அதை யாராவது பார்த்தார்களா என்று கேட்டார், இல்லை என்றேன். மாடியிலிருந்து ஸ்குரூ டிரைவர் எடுத்துவந்து அவர் சொல்லச் சொல்ல நான் கழற்றினேன். மூடியைத் தூக்கினால் உள்ளே சருகு சருகாக சாமந்தி இதழ், ஒரு தாம்பாளம் தேறும். காற்று உள்ளே போகிற குழாயின் வாய் அந்த முன்பக்க வலைக்குப் பின்னாலேயே இருக்கிறது, நான் கட்டின பூவையெல்லாம் வண்டி வாரா வாரம் மூக்கால் உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு அவமானத்தில் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்பா குனிந்து அதைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார், சுபா. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான், ஆனால் சத்தமாக. "அம்மனுக்கு மூச்சு முட்டாது குழலி. இதுக்கு முட்டும்."

மத்தியானம் ஜோஸ் ஊர் திரும்பி நேராக இங்கேயே வந்தார், குழாயை ஊதிச் சுத்தம் செய்து புது ஃபில்டர் போட்டு, டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்து ஆட்டமே இல்லை, உயிரோடதான் இருக்கு என்றார். பூவைப் பார்த்து அவரும் சிரித்தார், சிரிக்கட்டும். தூசி ஊரில் ஃபில்டரை அடிக்கடி திறந்து பாருங்க, விசில் கேட்டால் குழாய் கிளிப் ஏதாவது தளர்ந்திருக்கிறதா பாருங்க, புகை நீலமாக வந்தால் மட்டும் ஓட்டாமல் எனக்கு போன் பண்ணுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று வந்தவரை ஏன் திருப்பி அனுப்பினேன் என்று இப்போது புரிகிறதா. இனி வெள்ளிக்கிழமைச் சரம் உள்ளே டேஷ்போர்டு பிள்ளையாருக்கு மட்டும்தான், அதுவும் மறுநாளே எடுத்துவிடுவேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதமே. அப்பாவுக்கு என்மேல் என்னம்மா கோபம், ஏன் போனுக்கு வரமாட்டேங்கறார் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், நானும் தூங்குகிறார், குளிக்கிறார் என்று பொய் சொல்லிக்கொண்டே வருகிறேன். கோபமே இல்லை. நீ ஊர் போய்ச் சேர்ந்த அன்று அவர் போனில் உன்னிடம் ஏதோ சொன்னார், நீ என்னப்பா, கேக்கலை, திரும்பச் சொல்லுங்க என்று மூன்று தடவை கேட்டாய். உன்மேல் தப்பில்லை, எனக்கே புரியவில்லை. மூன்றாவது தடவைக்கு அப்புறம் போனை என் கையில் கொடுத்தார், அதோடு சரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் ஊரிலிருப்பவர்கள் குரலையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டவள் நான், என் வீட்டில் இரண்டு பேர் குரலைச் சேர்த்துவைக்க முடியவில்லையே என்று அழுதிருக்கிறேன். போனில் எதிர்ப்பக்கம் காத்திருப்பது அவருக்குத் தெரிகிறது, அதில் வார்த்தை மிரண்டுவிடுகிறது. வண்டியில் அது இல்லை. அங்கே யாரும் அவருக்காகக் காத்திருக்கவில்லை, டர்போ ஆறுவதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, தென்னூரில் வேலையில்லை, இருந்தாலும் வண்டி இழுக்கிறதா பார்க்கலாம் என்று கொள்ளிடம் பாலம் வரை போய்வந்தோம். மழை விட்டு ஆற்றில் தண்ணீர் போகிறது. வண்டி சீறிக்கொண்டு ஏறியது, நான்தான் காலை எடுத்தேன். பார்க்கிங்கில் நிறுத்தினதும் வழக்கப்படி உட்கார்ந்திருந்தோம். அப்பா, "பாப்பா பொங்கலுக்கு வர்றால்ல. ஏர்போர்ட்டுக்கு நாமளே போலாம். நான் பின்னாடி அவகூட உக்காந்துக்கறேன்" என்றார். நிறுத்தி நிறுத்தித்தான், ஆனால் மூன்று வாக்கியம், நான் விரல்விட்டு எண்ணினேன். ஒரு நிமிஷம் தாண்டி நாலு நிமிஷம் ஓடிவிட்டது, பெட்ரோல் போனால் போகிறது என்று அணைக்கவில்லை.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. மேல் வீட்டு பானுமதி பெண்ணுக்குத் தையில் கல்யாணம், உன்னைக் கட்டாயம் கூட்டிவரச் சொன்னாள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் லேப்டாப்பை மூடு, பல்வலியைத் தள்ளிப்போடாதே, ரேஷ்மா கொடுக்கும் பொடியைத் திறந்து வைத்து நமுத்துப்போக விடாதே. எந்தக் குறையும் அண்டாமல் நீ நீடூழி வாழ வேண்டும், அப்பாவும் நெற்றியில் விபூதி இட்டதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறக்காதே. பொங்கலுக்கு வந்து இறங்கி, நான் வண்டியைக் கொண்டுவந்து வீட்டில் நிறுத்தினதும் உன் வழக்கப்படி கதவைத் திறந்துகொண்டு குதித்துவிடாதே. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நிமிஷம் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திரு. அப்பா பேசுவார்.

ஆசிகளுடன் உன் அம்மா,
மட்டுவார்குழலி பாஸ்கரன்