இரண்டு பேருக்கு மூன்று ரிக்கற்

என் அன்பு அண்ணை,

சுகமா என்று கேட்டு எழுதியே பழகிய கை இது. இப்போது உங்களிடம் எதைக் கேட்பது? நேரே செய்திக்கு வருகிறேன். உங்கள் ஆண்டுத் திவசம் போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கு அண்ணி உங்கள் மைதானத்துக்கு வந்தார். ஓம், அண்ணிதான்! நம்பமாட்டீர்கள் என்று தெரியும்.

"உந்தப் பந்தையே கட்டியிருக்கலாமே, என்னை ஏன் கட்டினனீங்கள்?" என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வீட்டு வாசலில் நின்று ஏசியவர் அவர். நீங்கள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் ட்ராமைப் பிடிக்க ஓடுவீர்கள்.

ஊரில் வாசிகசாலைச் சுவரில் ஒட்டியிருந்த அந்தப் படம் நினைவிருக்கிறதா? மழைக்குள் நடந்த உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதி ஆட்டம். சேறு பூசிய கோல்கீப்பர், பின்னால் மணிக்கூட்டுக் கோபுரம். "எங்கட கோலுக்குப் பின்னால பனை, அவங்களுக்கு மணிக்கூடு. அவ்வளவுதான்ரா வித்தியாசம்" என்பீர்கள். இந்த நாட்டில் அகதியாக வந்து இறங்கியபோது, உங்களைப் பேர்ண் நகருக்கு அனுப்புகிறார்கள் என்று சொன்ன அன்று, அகதி வழக்கு என்னாகுமோ என்று எல்லாரும் தலையில் கைவைத்திருக்க, நீங்கள் மட்டும் சிரித்தீர்கள். படத்தில் இருந்த அந்த மைதானம் இருக்கிற ஊர் அல்லவா!

திவசத்தன்று அண்ணி விடியவே எழும்பிச் சமைத்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை. ஆட்டத்துக்கு நீங்கள் கடதாசிச் சரையில் சுற்றிக்கொண்டு போகும் அவித்த கடலையும் தேங்காய்ச் சொட்டுப் போட்டுச் செய்தார். படைத்து முடித்து, காகத்துக்குப் பல்கனியில் வைத்து "கா, கா" என்று கூப்பிட்டார். எதிர்வீட்டுக்காரிதான் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஒரு காகமும் வரவில்லை. மற்ற நாட்களில் குப்பைத் தொட்டியைச் சுற்றி எத்தனை நிற்கும், அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்தனவோ!

மத்தியானமாகியும் அண்ணி வாயில் தண்ணீர் படவில்லை.

"காகம் தொடாமல் எனக்கு ஒண்டும் இறங்காது. அவருக்கு என்னில கோபம். கடைசி நாளும் ஏசித்தானே அனுப்பினனான்" என்றார்.

அந்தக் கடைசி நாளில் ஆட்டம் முடிந்து திரும்பி வரும் ட்ராமில்தானே உங்கள் இதயம் நின்றது. அந்த ஏச்சை ஒரு வருடமாக இவர் சுமந்துகொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. அண்ணி எழும்பிக் கடலையைச் சரையில் சுற்றினார்.

"அவர் இங்க இல்லை. அங்கதான் இருப்பார். என்னைக் கூட்டிக்கொண்டு போ."

மைதான வாசலில் நான் இரண்டு நுழைவு ரிக்கற் கேட்டேன். "அப்ப அவருக்கு இருக்க இடம்?" என்றார் அண்ணி. பிறகு மூன்று எடுத்தேன்.

கோபுர மணிக்கூட்டுக்கு நேரே, நீங்கள் வழக்கமாக உட்காரும் வாங்கு. எங்கள் இருவருக்கும் நடு இடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, சரையை விரித்து வைத்தார். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் தொப்பி போட்ட ஒரு வயோதிபர் வந்து, அந்த இடத்தில் ஆள் இருக்கிறதா என்று கேட்டார். அண்ணிக்குத் தெரிந்த டொச் மொழி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். "மைன் மான்" என்றார். என் கணவர். அவ்வளவுதான்.

மனிதர் கடலையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, அவருடைய மனைவியா? எங்கே அவர், கனகாலமாகக் காணவில்லையே?" என்றபடியே, பழகிய கையாகச் சரையிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுவிட்டார்!

படையல் அண்ணை! நான் பதறிப்போனேன். மெல்ல விஷயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னதை அண்ணிக்கு நான் மொழிபெயர்த்தேன்.

"வந்து உட்கார்ந்ததும் உங்கள் கணவர் சொல்வார்: இன்றைக்கு மனைவி நன்றாக ஏசினாள், கட்டாயம் வெல்லுவோம். ஏசாத நாளில் வாட்டமாக இருப்பார். கடைசியாகக் கண்ட அன்று, நல்ல ஏச்சு என்று துள்ளிக்கொண்டு வந்தார். வென்றும் விட்டோம்."

அண்ணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுச் சரையைப் பார்த்தார். "தொட்டாச்சுத்தானே" என்று சொல்லி, அன்றைய முதல் வாயை அங்கேயே சாப்பிட்டார்.

ஏன் அண்ணை, ஊருக்கெல்லாம் சொன்னதை அண்ணியிடம் ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா?

அன்றைக்கு எங்கள் பக்கம் தோற்றது. ட்ராமுக்கு நடக்கும்போது அண்ணி சொன்னார்: "நான் ஏசாமல் வந்திட்டன். அதுதான்."

மைதானத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். கட்டட்டும். எப்படிக் கட்டினாலும் ரிக்கற் மூன்றாகத்தான் எடுப்பேன். வீட்டு வாசலில் அண்ணியின் ஏச்சை உங்களுக்குப் பதிலாக நின்று முழுவதும் வாங்கிக்கொண்டுதான் அவரோடு புறப்படுவேன். இது சத்தியம்.

உங்கள் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும்,
தம்பி