வரப்புக்கு இந்தப் பக்கம்

தை 9, செவ்வாய்.

ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் இந்த ஊரில் எங்கிருந்து தெரியும் என்று கண்டுபிடித்தது நான். இரண்டு முறை ஏமாந்தேன். ஆற்றங்கரையில் மூங்கில் மறைத்தது. எங்கள் மாடியில் ஓரகத்தி வீட்டுப் புது மாடி மறைத்தது. வடகிழக்கு வெட்டவெளியாக இருப்பது நெல் அடிக்கும் களத்தில்தான். பாகப்பிரிவினையில் அது ஓரகத்தி பங்குக்குப் போய்விட்டது. வழக்கு முடியும்வரை அங்கே கால் வைக்கக்கூடாது என்று இவர் உத்தரவு.

போன வாரம் குழாயடியில் அவளிடம் நானே சொல்லித் தொலைத்தேன். இன்று சாயங்காலம் களத்தில் நாற்காலி போட்டு, சுண்டல் செய்து, தெருவையே கூட்டிவிட்டாள்.

"எப்படிக்கா இந்த எடத்தப் புடிச்சீங்க?" என்று தெருப் பெண் ஒருத்தி அவளைக் கேட்டாள்.

"எல்லாம் ஒரு கணக்குதான்டி" என்றாள் ஓரகத்தி. பி.எஸ்சி. இயற்பியல் படித்த நான் வரப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

நான்கு வயது மகள் யாழினி என் கையை உதறிவிட்டு ஓடினாள். ஓரகத்தி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அந்தா பாருடி தங்கம், நெருப்புப் பொட்டு!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

படுக்கும்போது யாழினி கேட்டாள்: "அம்மா, நீ ராக்கெட் பாத்தியா?"

"பாத்தேன்டி" என்றேன்.

பார்க்கவில்லை. பெரியம்மா கழுத்தை அவள் கட்டிக்கொண்டிருந்ததைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.